உரியவரைத் தேடியதாக ஓர் உறுதிமொழி

நகராட்சியின் வண்டிக் கிடங்குக்குள் கொண்டுவந்து நிறுத்தப்படும் எந்த வண்டியும், யாரும் தொடாமலே, தன் உரிமையாளர் அப்போது எங்கே இருக்கிறாரோ அந்தத் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். ஒரேயடியாகத் திரும்பாது. இறக்கிய அன்று மூக்கு லேசாக அசையும். மறுநாள் பார்த்தால் பாதி திரும்பியிருக்கும். அந்த வாரம் முடிவதற்குள், டயர் தேய்ந்த தடம் தரையில் தெரிய, முழுசாகத் திரும்பி நிற்கும். காற்றில்லாத டயராக இருந்தாலும், எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போன வெறும் கூடாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. உரிமையாளர் இறந்துபோயிருந்தால் மட்டும் வண்டி இறக்கிய இடத்தில் இறக்கியபடியே நிற்கும். இதனால் நகராட்சிக்கு இருந்த ஒரே குறை இடம்தான். நெருக்கி நிறுத்தினால், ஒரு வண்டி திரும்பும்போது அதன் பின்புறம் பக்கத்து வண்டியின் கதவைப் பதம் பார்த்துவிடும். அதனால் மற்ற ஊர்க் கிடங்குகளில் நிற்பதில் பாதி வண்டிகளைத்தான் இங்கே நிறுத்த முடிந்தது. கூடுதல் நிலம் கேட்டு வருஷாவருஷம் மேலிடத்துக்கு எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் 'வண்டிகள் திரும்புவதால்' என்று ஒளிக்காமல் எழுதினார்கள். மேலிடமும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒளிக்காமல் பதில் எழுதியது.

கைவிடப்பட்ட வண்டியையோ, இடைஞ்சலாக நின்றதால் இழுத்துவந்த வண்டியையோ விற்பதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதை எழுதியவர்கள் எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். வண்டி திரும்புகிற சங்கதியெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. முதலில் தெருவிலேயே கண்ணாடியில் எச்சரிக்கைத் தாள் ஒட்ட வேண்டும். கெடு முடிந்தும் நகராவிட்டால் இழுத்துவரலாம். திருட்டு வண்டி இல்லை என்று காவல் நிலையத்தில் எழுதி வாங்க வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்துப் பார்த்து, வண்டி யார் பேரில் இருக்கிறது, அதன் மேல் எந்த வங்கிக்காவது பாத்தியதை உண்டா என்று விசாரித்து, எல்லோருக்கும் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டும். வண்டிக்குள் கிடக்கும் சொந்தச் சாமான்களைத் தனியே கட்டி வைக்க வேண்டும். ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். உரியவரை உரிய முயற்சி எடுத்துத் தேடியும் அவர் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தவரிடம் சொல்லியும் அவர் மீட்க வரவில்லை என்று பொறுப்பில் இருப்பவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் பொது ஏலம். ஏலத்திலும் உரியவரை வாசலைப் பார்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். கடைசித் தரம் சொல்லி முடிக்கும் வரைக்கும் வண்டி அவருடையது. வந்து நின்றால் கொடுத்தாக வேண்டும். கிடங்கு ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஏலம் எடுக்கக் கூடாது.

இவ்வளவும் முறையாக நடந்திருந்தால், "மூணு தரம்" என்ற சொல் விழுந்த மறுகணமே வண்டி ஒரே வீச்சில் திரும்பி, ஏலம் எடுத்தவரைப் பார்த்து நிற்கும். அத்தோடு சரி, பிறகு அது மற்ற வண்டிகளைப் போல ஒரு வண்டி. ஆனால் ஏதாவது ஒன்றைத் தாண்டிக் குதித்திருந்தால் திரும்பாது. கிடங்கை விட்டுப் போன பிறகும், எங்கே நிறுத்தினாலும் ஒரே ராத்திரியில், பழைய ஆளின் திசைக்கே திரும்பிக்கொண்டிருக்கும். முன்பு இருந்த கண்காணிப்பாளர் செய்தித்தாள் விளம்பரமெல்லாம் வெட்டிச் செலவு என்று விட்டுவிடுகிறவர். அவர் காலத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஏலத்தில் பேருந்து எடுத்தது. நிறுத்திய இடத்தில் எல்லாம் அது சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. கதவுப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் பிள்ளைகள் பின்கண்ணாடி வழியாக ஏறி இறங்கிப் பழகினார்கள். கடைசியில் அது பள்ளிக்கூடத்து மதில் சுவரை மெல்ல மெல்லத் தள்ளிச் சாய்த்த பிறகு கண்காணிப்பாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

அவருக்குப் பின் வந்தவள்தான் மூணுதரம். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. கிடங்கில் அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம். ஏலம் விடும்போது சின்னக் கம்பியால் பழைய ரிம் ஒன்றில் தட்டி, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லும் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. விற்பது லாரியோ சைக்கிளோ, அதே அலுத்த குரல். சட்டத்தில் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டாள் என்று பேர் எடுத்திருந்தாள். அது கடமை உணர்ச்சியில் வந்தது இல்லை. ஒரு வேலையை இரண்டு தடவை செய்ய அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வண்டி பார்க்கும் திசையில் நடந்தோ பேருந்து ஏறியோ போய், விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கதவைப் பாதி திறந்துகொண்டு, "வித்துக்கோங்க" என்பார்கள். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவாள். செருப்புத்தான் தேய்ந்தது.

அவள் கணவன் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் சரக்கு வேனில் மர நாற்காலிகள் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனவன், திரும்பவில்லை. நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன. அவனைத்தான் காணோம். வீட்டில் மிஞ்சியது மூணுதரமும் அவள் மாமியாரும். அத்தைக்கு மின்விசிறி ஐந்தில் ஓட வேண்டும், இவளுக்கு இரண்டு போதும், ஆறு வருஷமாக மூன்றில் ஓடியது. சண்டை போட்டுக்கொண்டால் அன்று மட்டும் அத்தை எழுந்து போய் ஐந்தில் வைப்பாள். மற்றபடி இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள், சேர்ந்து துணி மடித்தார்கள், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சேர்ந்து புறம் பேசினார்கள். மகனைப் பற்றி அத்தை ஒன்றே ஒன்றுதான் சொல்வாள், அதையும் அடிக்கடி சொல்வாள். "அவன் வர்ற வரைக்கும்தான் நான் இங்க இருக்கேன். வரமாட்டான்னு தெரிஞ்சுட்டா அப்புறம் உனக்கு நான் யாரு, எனக்கு நீ யாரு? என் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன்." நாத்தனாரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து, "எப்பம்மா வரே?" என்று கேட்கத் தவறியதில்லை.

அதனால்தான் மூணுதரம் தன் கணவனைத் தேடவே இல்லை. ஊரார் வண்டிக்கெல்லாம் ஊர் ஊராக அலைந்தவள், சொந்த வீட்டு ஆளுக்காக ஒரு போன்கூடப் போட்டதில்லை. கேட்டவர்களிடம், போனவனைப் பிடித்து இழுத்துவர அவன் என்ன வண்டியா என்று சொல்லி வாயை அடைத்தாள். உள்ளுக்குள் இருந்தது வேறு. தேடினால் ஒன்று அவன் கிடைப்பான், இல்லை இனி இல்லை என்று தெரியும். இரண்டில் எது தெரிந்தாலும் அத்தை பெட்டி கட்டுவாள். மூணுதரத்துக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "இவ்வளவு நேரமா?" என்று திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது இல்லாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வேனைத்தான் ஒரு நாள் இழுவை வண்டிக்காரர் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தார். மூடிக் கிடந்த ஒரு திரையரங்கின் பின்சுவர் ஓரம் பல வருஷமாக நின்றதாம். வெளிர் நீலம், பின்கதவில் பெரிய நசுங்கல். இழுவைக்காரர் இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, வேற எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வந்துடவா?" என்று கேட்டார். "எதுக்கு? திரும்பவும் புகார் வரும், திரும்பவும் நீங்கதான் இழுத்துட்டு வரணும். இறக்குங்க" என்றாள் அவள். மேலாளரிடம் போய், இது என் வீட்டு வண்டி, நான் ஏலம் விடுவது சரியில்லை என்றும் சொன்னாள். அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுக்கத்தான் கூடாது, விடக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை, நீங்களே பாருங்கள் என்றார். அவருக்கு அந்தக் கம்பியைக் கையில் பிடிக்கவே கூச்சம்.

வாரம் முடிவதற்குள் வேன் கிழக்கே திரும்பி நின்றது. கிடங்கில் எல்லோரும் பார்த்தார்கள். உயிரோடுதான் இருக்கிறான் என்பது அவளுக்கு இப்படித்தான் தெரிந்தது. அன்று டீ குடிக்காமல் வேலையைப் பார்த்தாள். பிறகு முறைப்படி, பதிவில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினாள். அது அவள் வீட்டு முகவரி. தபால்காரர் கொண்டுபோனபோது அவள் வேலையில் இருந்தாள். வாங்கியது அத்தை. சாயங்காலம் உள்ளே நுழையும்போதே, "என் பிள்ளைக்கு உன் கையெழுத்துல லெட்டர் வந்திருக்கு" என்றாள் அத்தை. "இந்த முகவரில இல்லைன்னு எழுதி அனுப்பிடவான்னு கேக்கறான் தபால்காரன். இருக்கான், வெளிய போயிருக்கான், குடுத்துட்டுப் போன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன்." சட்டப்படி நோட்டீஸ் சேர்ந்துவிட்டது. அத்தை உறையைப் பிரிக்காமல் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டே, வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டாள். ஊரில் யாருக்குத்தான் தெரியாது அந்தக் கேள்வியின் அர்த்தம்?

"இன்னும் திரும்பல அத்தை. பழைய வண்டி, நாளாகும்" என்றாள் மூணுதரம். அத்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மின்விசிறி மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது.

விளம்பரம் வந்தது. மாதம் முடிந்தது. உறுதிமொழித் தாள் மேசைக்கு வந்தபோது, உரியவரை உரிய முயற்சி எடுத்துத் தேடினேன் என்ற வரிக்குக் கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக, தேடாமல் கையெழுத்துப் போட்டாள். அவர் கடைசியாக வசித்த வீட்டில் விசாரித்தாயிற்று, அது என் வீடுதானே என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். ஏலத்தில் ரொட்டிக்கடைக்காரர் வேனைக் கேட்டார். மூணு தரம் சொல்லி ரிம்மில் தட்டினாள். வேன் அசையவில்லை. கிழக்கே பார்த்தபடி நின்றது. ரொட்டிக்கடைக்காரர் நல்ல மனிதர். கொஞ்சம் இறுகியிருக்கும், ஓடினால் சரியாகிவிடும் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைக்குப் பின்னால் சந்தில் நிறுத்தினால், ரொட்டி ஏற்றும் பின்கதவு விடிவதற்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட்கள் முன்பக்கம் வழியாக, இருக்கைக்கு மேலே ஒவ்வொரு தட்டாகக் கைமாற்றி ஏற்றினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிடங்குக்குப் போகாமல் நேரே மூணுதரத்தின் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது அத்தை. "தப்பா நெனைக்காதீங்கம்மா. வண்டில குறை ஒண்ணும் இல்ல. கிழக்கையே பாத்துட்டு நிக்குது. ஏதோ ஒரு முறை விட்டுப் போயிருக்கும்போல, அவங்ககிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார். அத்தை அவரை உட்கார வைத்து டீ கொடுத்தாள். அவர் வேனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் போன பிறகு, துணி உலர்த்திவிட்டு வந்த மருமகளைப் பார்த்து, "உயிரோட இருக்கான்" என்றாள். பிறகு, "உனக்குத் தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ தேடவே இல்ல" என்றாள்.

மூணுதரம் காலி வாளியை வைத்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றாள். ஏன் என்று அத்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அத்தை எழுந்து போய் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

ஏலம் செல்லாது என்று எழுதி, ரொட்டிக்கடைக்காரரிடமிருந்து வேனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மூணுதரமே முறை தவறிவிட்டாள் என்று ஊர் சிரித்தது. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியதாயிற்றே என்பதுதான் அவளுக்கு. இழுவைக்காரர் வேனின் மூக்குக்கு நேரே குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இந்தக் கோட்டில் போனால் பெரிய சாலையை ஒட்டி இரண்டே ஊர்தான், அதற்கப்புறம் வெறும் உப்பளம் என்று சொன்னார். மூணுதரம் அவனைத் தேடிக் கிளம்பும்போது அத்தையையும் கூப்பிட்டாள். "நான் எதுக்கு வரணும்? அவன்தான் வரணும்" என்றாள் அத்தை. ஆனால் வழியில் குடிக்க ஒரு புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

முதல் ஊரில் ஆள் இல்லை. இரண்டாவது ஊரில், லாரிகளுக்கு எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். வயிறு போட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு உட்கார்ந்தான், பிறகு மறுபடி எழுந்தான்.

"நீயா?"

"நான்தான். வண்டிக்கு நோட்டீஸ் குடுக்க வந்தேன்."

அவன் தாளை வாங்கிப் படித்தான். முதலில் கேட்டது, பின்கதவு இன்னும் நசுங்கித்தான் இருக்கிறதா என்று. அப்புறம்தான், அம்மா இருக்கிறாளா என்று கேட்டான். இருக்கிறாள் என்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெளியே ஒரு லாரி மேடை ஏறி ஹார்ன் அடித்தது. அவன் எடை பார்த்து, சீட்டுக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, "ஏன் போனேன்னு கேக்க மாட்டியா?" என்றான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொல்றதுன்னா சுருக்கமா சொல்லுங்க."

"காரணம்னு ஒண்ணும் இல்ல. அன்னைக்குச் சரக்கு இறக்கிட்டுத் திரும்பியிருக்கணும். நாளைக்குப் போலாம்னு தோணுச்சு. அப்புறம் ஒரு வாரம் ஆச்சு. நாளாக ஆக, என்னன்னு சொல்லிட்டு உள்ள வர்றதுன்னு தெரியல. ஒரு தடவை ஊர் வரைக்கும் வந்தேன். தியேட்டர் பின்னாடி வண்டிய நிறுத்திட்டு நடந்து நம்ம தெரு முனை வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரல. வண்டிய எடுக்கக்கூடத் தோணாம அப்படியே பஸ் ஏறிட்டேன்."

பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இன்னொருத்தி, கடன், சண்டை என்று ஏதாவது இருந்திருந்தால்கூடப் பிடித்துக்கொண்டு அழ ஓர் இடம் இருந்திருக்கும். இதற்காகவா ஆறு வருஷம் என்று ஆத்திரம் குமுறிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அலுப்பில் அடங்கியும் போனது. கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஏலத் தேதி எப்போது என்று அவன் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். "கண்டிப்பா வந்துடறேன். வண்டிய யாருக்கும் விட்டுடாத. அம்மாகிட்டயும் சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்து, சில்லறை இருக்கிறதா என்று கேட்டான்.

சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள். மறைத்துவைத்து அதைத் தினமும் கட்டிக் காக்கத் தெம்பில்லை. "பார்த்தேன். நல்லா இருக்கார். ஏலத்தன்னைக்கு வந்து வண்டியையும் உங்களையும் கூட்டிட்டுப் போறேன்னார்." அன்று இரவு சாப்பிடும்போது அத்தை, "வந்தா அவன்கூட. வரலைன்னா பொண்ணு வீட்டுக்கு. ரெண்டுல ஒண்ணு" என்றாள். அதைத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எது நடந்தாலும் அத்தை போய்விடுவாள் என்று மூணுதரத்துக்குப் புரிந்தது. பாத்திரம் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

ஏலத்தன்று அத்தை துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு அவளோடு கிடங்குக்கு வந்தாள். இழுவைக்காரர் அலுவலகத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, வாசல் நன்றாகத் தெரிகிற மாதிரி வேப்ப மரத்து நிழலில் போட்டார். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். வேன் கிழக்கே பார்த்து நின்றது. ஒரு தடவை அதன் மூக்கு அரை விரல்கடை அசைந்ததாகவும், அவன் கிளம்பிவிட்டான்போல என்றும் யாரோ சொன்னார்கள். மூணுதரம் தரையைப் பார்த்தாள், புதுத் தடம் ஒன்றும் இல்லை. மற்ற வண்டிகளை முதலில் முடித்தாள். சைக்கிள்கள், ஒரு டிராக்டர், கதவில்லாத ஒரு கார் எல்லாம் போயின. ஒவ்வொன்றும் சொல் விழுந்ததும் ஒழுங்காகத் திரும்பிப் புது ஆளைப் பார்த்து நின்று, பிறகு உருண்டு வெளியே போனது. உச்சி வெயில் ஏறியது. அதற்கு மேல் வேனைத் தள்ளிப்போட முடியவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் மறுபடி வந்திருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. மூணுதரம் வாசலைப் பார்த்து, சட்டம் சொன்னபடி, உரியவர் உண்டா என்று கூப்பிட்டாள். அலுத்த குரல்தான், ஆனால் வழக்கத்தைவிட உரக்கக் கூப்பிட்டாள். சாலையில் ஒரு பேருந்து வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவன் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, ஒரு தரம் என்றாள். நெடு நேரம் கழித்து, ரெண்டு தரம் என்றாள். அடுத்த பேருந்தும் வந்து போனது. கம்பியை ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. இதைச் சொல்லிவிட்டால் அவன் வரவில்லை என்பது முடிவாகிவிடும். நாளையிலிருந்து மின்விசிறி அவள் இஷ்டப்படி இரண்டில் ஓடும். கூட்டத்தில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவசரப்படுத்தியது அத்தைதான். வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன பாக்கற? சொல்லித் தொலை. எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க" என்றாள்.

"அத்தை..."

"சொல்லும்மா. அவன் வரமாட்டான்."

மூணு தரம் என்று சொல்லிக் கம்பியால் ரிம்மில் தட்டினாள்.

வேன் ஒரே வீச்சில் திரும்பி ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்து நின்றது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதே நேரத்தில் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் பையோடு உட்கார்ந்திருந்த அத்தையையும் சுமந்தபடி, கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு போக, வாசலை விட்டு மெல்லத் திரும்பி, மூணுதரத்தைப் பார்த்து நின்றது. யாரும் தொடவில்லை. அத்தையின் காலும் தரையை உந்தவில்லை, இரண்டு பாதங்களும் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. கூட்டம் அதைப் பார்த்தது. கிடங்கில் பார்க்காததா என்று அடுத்த ஏலத்துக்காக நகர்ந்துகொண்டது. அத்தை ஒரு கையால் நாற்காலிப் பிடியையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு, எதிரே கம்பியோடு நிற்கும் மருமகளைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை வண்டி இருக்கு?"

"ரெண்டு பைக் அத்தை. அவ்வளவுதான்."

"சட்டுனு முடி. பசிக்குது."

நாத்தனார் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்தாள். இனிமேல் பஸ் ஏறி இறங்கத் தன்னால் ஆகாது, வேண்டுமானால் நீ வந்து பார்த்துவிட்டுப் போ என்று அத்தை சொல்லிவிட்டாள். மகன் ஏலம் முடிந்த அடுத்த மாதம் ஒரு கடிதம் போட்டான், அன்று எடை மேடையில் மாற்று ஆள் கிடைக்கவில்லையாம். அத்தை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுது என்றாள். வேன் பல வருஷம் ரொட்டி சுமந்தது. பின்கதவு நசுங்கலை மட்டும் கடைக்காரர் கடைசி வரை சரிசெய்யவில்லை.

வீட்டில் அத்தை உட்காரும் நாற்காலி எதுவானாலும், அன்றிலிருந்து, மருமகள் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் அடுப்படியில் இருந்தால் அடுப்படியைப் பார்க்கும், துணி உலர்த்தினால் கொல்லையைப் பார்க்கும். முதலில் கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருந்தது. பிறகு, பகலில் மருமகள் கிடங்குக்குப் போயிருக்கும்போதுதான் அத்தை டிவி பார்க்கிறாள் என்பதால், டிவியைக் கழற்றிக் கிடங்கு இருக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.